சமைத்த கை எவருடையது?

கல்வராயன் மலையில் பிறந்து வடக்கனந்தல் பக்கமாக இறங்கி வரும் ஆற்றுக்குக் கோமுகி என்று பெயர். அதைத் தேக்கும் அணைக்கும் அதே பெயர். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கோமுகி என்றால் நீர். நீர் என்றால் கரும்பும் நெல்லும் மரவள்ளியும்.

தமிழ் படித்தவருக்கோ கோமுகி என்ற சொல் வேறொன்றையும் நினைவூட்டும். சாத்தனார் இயற்றிய மணிமேகலைக் காப்பியத்தில் மணிபல்லவத் தீவிலே ஒரு பொய்கை உண்டு. ஆண்டுக்கொரு முறை வைகாசி விசாகத்தன்று, அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி அதிலிருந்து எழும். அந்தப் பொய்கைக்கும் பெயர் கோமுகிதான். பெயர் ஒன்று, தண்ணீர் வேறு. காப்பியக் கோமுகியிலிருந்து பாத்திரம் தானே எழுந்தது. எங்கள் கோமுகிக் கரையில் எந்தப் பாத்திரமும் தானே எழவில்லை. உழுதவன் உழுதான், அறுத்தவள் அறுத்தாள், அடுப்பூதியவள் அடுப்பூதினாள். அதன் பிறகுதான் பள்ளிப் பிள்ளையின் தட்டில் பகலுணவு விழுந்தது.

இக்கட்டுரை அந்தத் தட்டைப் பற்றியது. தட்டுக்குப் பக்கத்தில் மூடி போட்டு நிற்கும் சோற்று டப்பாவைப் பற்றியது. இவ்விரண்டையும் நம் இலக்கியம் எப்படிக் கண்டது, எங்கே காணத் தவறியது என்பதைப் பற்றியது.

மூடியைத் தூக்கிப் பிடித்த கை

தோழர்களே! தொடக்கப் பள்ளியில் மதிய மணி அடித்ததும் நடப்பதை நினைத்துப் பாருங்கள். நான் படித்த பள்ளியில் அந்த நேரத்தில் பிள்ளைகள் இரண்டாகப் பிரிவார்கள். பிரியும்படி ஆசிரியர் சொன்னதில்லை, சட்டமும் சொன்னதில்லை. ஆயினும் பிரிந்தோம். தட்டேந்தியவர்கள் தாழ்வாரத்துக்குப் போனார்கள். டப்பா ஏந்தியவர்கள் வேப்பமர நிழலுக்குப் போனோம். தாழ்வாரத்தில் ஆவி பறக்கும் சோறும் சாம்பாரும். மரத்தடியில் காலையிலோ முந்தைய இரவிலோ ஆக்கி அடைத்த ஆறிப்போன உணவு.

மரத்தடியிலும் ஒற்றுமை இல்லை. எல்லாரும் ஒரே மாதிரி உண்ணவில்லை. கடைக்காரர் மகன் டப்பாவை அகலத் திறந்து வைப்பான். அவனுடையது வெள்ளைச் சோறு, உருளைக்கிழங்குப் பொரியல். நான் மூடியைப் பாதி திறந்து, இடக்கையால் மறைப்பாக நிறுத்தி, தலையைக் குனிந்து உண்பேன். என்னுடையது கேழ்வரகுக் களி. மலையிலிருந்து இறங்கி உறவினர் வீட்டில் தங்கிப் படித்த மலையாளிப் பழங்குடிச் சிறுவன் ஒருவன் மூடியைத் திறக்கவே மாட்டான். விரல் நுழையும் இடுக்கின் வழியே எடுத்து உண்பான். அவனுடையது சாமைச் சோறு. இன்று அதே சாமைக்குச் 'சிறுதானியம்' என்று பெயர் சூட்டி, நகரத்துக் கடைகளில் நல்ல விலைக்கு விற்கிறார்கள். அன்று அதை உண்டவன் கூனிக் குறுகினான். இன்று அதை உண்பவன் பெருமை பேசுகிறான். தானியம் மாறவில்லை, உண்பவனின் நிலைதான் மாறியிருக்கிறது.

டப்பாவுக்கு மூடி எதற்கு? உணவில் தூசு விழாதிருக்க. ஆனால் ஏழைப் பிள்ளையின் கையில் அது வறுமை வெளியே தெரியாதிருக்க எழுப்பிய சுவராயிற்று. ஏழு வயதுப் பிள்ளைக்குத் தன் வீட்டுச் சோற்றைக் கண்டு வெட்கப்பட யார் கற்றுக்கொடுத்தார்கள்? எந்தப் பாடநூலிலும் அந்தப் பாடம் இல்லை. அது மதிய மணிக்கும் அடுத்த மணிக்கும் இடையில் நடக்கும் வகுப்பு. ஆசிரியர் இல்லாத வகுப்பு. ஆனால் எல்லாரும் தேறிவிடும் வகுப்பு!

பாத்திரம் ஏந்தியவர் யார்?

மணிமேகலையை நம் மேடைகளில் பலவாறு பாராட்டியிருக்கிறார்கள். பௌத்தக் காப்பியம் என்பார் சிலர். துறவின் பெருமை என்பார் சிலர். ஆதிரை இட்ட முதற்பிச்சையைக் காட்டிக் கற்பின் பெருமை என்று நின்றுவிடுவார் பலர். ஆனால், பாத்திரம் யார் யார் கையில் இருந்தது என்ற கேள்வியை அழுத்திக் கேட்டவர் குறைவு.

முதலில் அதை ஏந்தியவன் ஆபுத்திரன். தாயால் கைவிடப்பட்டு, பசுவின் பாலால் உயிர் பிழைத்து, அந்தணர் ஒருவர் எடுத்து வளர்த்த பிள்ளை. வேள்விக்குக் கட்டிவைத்த பசுவை அவன் அவிழ்த்துவிட்டான். அதற்காக ஊரார் அவனை அடித்தார்கள், அவன் பிறப்பை இழித்துரைத்தார்கள், வளர்த்தவரே கைவிட்டார். பிச்சைக்கு நீட்டிய பாத்திரத்தில் கல்லைப் போட்டார்கள். மதுரைக்கு வந்த அவன், தான் இரந்து பெற்ற உணவைக் கண்ணிழந்தோர்க்கும் காலிழந்தோர்க்கும் கொடுத்து மிச்சத்தை உண்டான். அந்தக் கைக்குத்தான் சிந்தாதேவியின் வாயிலாக அமுதசுரபி வந்து சேர்ந்தது என்கிறார் சாத்தனார். அவனுக்குப் பின் அதை ஏந்தியவள் மணிமேகலை, கணிகையர் குலத்தவள் என்று ஊர் பேசிய மாதவியின் மகள்.

காண்க! பிறப்பு இழிந்தது என்று ஊர் ஒதுக்கிய இருவர் கையில்தான் உலகின் பசி தீர்க்கும் பாத்திரத்தைத் தந்திருக்கிறார் புலவர். காயசண்டிகையின் யானைப்பசி அந்தக் கை இட்ட ஒரு பிடியில் தீர்ந்தது. சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆயிற்று. பசித்தவர் எவரும் 'அம்மா, உன் குலம் என்ன?' என்று கேட்டதாகக் காப்பியத்தில் இல்லை. பாத்திரத்தில் கல்லைப் போட்டவர்கள்தாம் குலம் கேட்டார்கள்.

தெய்வமும் மந்திரமும் சாபமும் நிறைந்த அக்காப்பியத்தைப் பகுத்தறிவாளர் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. பாத்திரம் தானே நிறையும் என்பது கற்பனை. ஆனால் அதை ஏந்திய கையின் தேர்வு கற்பனை அன்று. அது ஒரு கருத்து. வேதவேள்விக்கு எதிராகவும் பிறப்புயர்வுக்கு எதிராகவும் புலவர் வைத்த கருத்து. அற்புதத்தை வைத்துக்கொண்டு கருத்தைக் கைநழுவ விட்டதுதான் நம் பண்டிதர்கள் செய்த பிழை. நாமோ அற்புதத்தை ஒதுக்கிவிட்டுக் கருத்தைக் கையில் எடுக்க வேண்டும்.

பொட்டலத்தின் நூலும் சாகிபின் தகரப்பெட்டியும்

அக்கால இலக்கியம் பாத்திரத்தைப் பாடிற்று. இக்காலத் தமிழ் இலக்கியத்தில் உணவைச் சுமந்து செல்லும் கையைக் கூர்ந்து பார்த்த நூல்களில் முதலில் சொல்லத்தக்கது பாமாவின் 'கருக்கு'. 1992-ல் வெளிவந்த அந்தத் தன்வரலாற்று நூலில், பள்ளிவிட்டு வரும் சிறுமி ஒரு காட்சியைக் காண்கிறாள். அவள் தெருவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையில் தாங்காமல், அதைக் கட்டிய நூலைப் பிடித்துத் தொங்கவிட்டபடி நடக்கிறார். பண்ணையாருக்குக் கொண்டுபோகும் பொட்டலம் அது. சிறுமிக்குச் சிரிப்பு வருகிறது. வீட்டுக்கு வந்து தமையனிடம் சொல்கிறாள். தமையன் சிரிக்கவில்லை. பொட்டலத்தைத் தொட்டால் தீட்டாம். அதனால்தான் நூலைப் பிடித்தார் என்று விளக்குகிறான். சிறுமியின் சிரிப்பு அங்கே சினமாக மாறுகிறது.

தீண்டாமை பற்றி நூறு சொற்பொழிவுகள் சொல்லாததை அந்த ஒரு முழ நூல் சொல்லிவிட்டது. சாதி என்பது நூலேணியாய், நூற்குறிப்பாய், பூணூலாய் மட்டும் இல்லை. உணவுப் பொட்டலத்தைக் கட்டிய நூலாகவும் இருக்கிறது என்று காட்டிய எழுத்து அது. காட்சியைப் பெரிதாக்கவில்லை; கண்ணீரை வரவழைக்கவில்லை; பார்த்ததைச் சொன்னது. அதனாலேயே அது சுடுகிறது.

மற்றொன்று, ஜெயமோகனின் 'அறம்' தொகுதியில் உள்ள 'சோற்றுக்கணக்கு'. திருவனந்தபுரத்தில் கெத்தேல் சாகிப் என்பவர் உணவுக்கடை நடத்துகிறார். உண்டவர் தரும் காசை எண்ண மாட்டார், தகரப்பெட்டி இருக்கும், போடுவதைப் போடலாம், போடாமலும் போகலாம். ஏழை மாணவன் ஒருவன் அங்கே உண்டு வளர்கிறான். மாமி வீட்டில் அளந்து அளந்து, முகம் சுளித்துப் போட்ட சோற்றையும், சாகிப் அள்ளி அள்ளிப் போட்ட சோற்றையும் எதிரெதிர் வைத்து எழுதிய கதை. படித்தவர் கண் கலங்குவர். நானும் கலங்கினேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்ட பின் ஒரு கேள்வி எழுந்தது. சாகிபின் கடை இல்லாத ஊரில் அந்த மாணவன் என்ன ஆவான்? ஒரு பெருமனிதனின் கை நீளும் தொலைவு வரையில்தான் சோறு கிடைக்கும் என்றால், அந்தத் தொலைவுக்கு அப்பால் இருப்பவன் பட்டினி கிடக்க வேண்டுமா? அக்கதை கொடையின் உச்சியைக் காட்டுகிறது, அதில் குறையில்லை. ஆனால் கொடையின் எல்லையைக் காட்டவில்லை. வள்ளல்களைப் பாடிப் பழகிய தமிழ் மரபின் நீட்சி அது. பாரி, ஓரி, பேகன் என்று கொடுத்தவர் பெயரை எண்ணினோம். பெற்றவர் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. பள்ளிச் சோற்றுக்கு வள்ளல் இல்லை. அங்கே கொடுப்பவர் குடிமக்கள். பெறுபவர் குடிமக்களின் பிள்ளைகள். அது கொடை அன்று, உரிமை. அந்த உரிமையைப் பற்றிய பெருங்கதை தமிழில் இன்னும் எழுதப்படவில்லை.

1925: இரண்டு செய்திகள்

எழுதப்படாத அக்கதைக்கு வரலாறு பல அத்தியாயங்களை வைத்திருக்கிறது. நீதிக்கட்சித் தலைவர் தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, 1920-ல் ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி தரத் தீர்மானம் நிறைவேறியது. பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவு. பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்கு அது விரிந்தது. இந்த ஐந்து பள்ளிகளிலும் 1922-23-ல் 811 பேர் படித்தனர். 1924-25-ல் 1,671 பேர். ஓரணாச் சிற்றுண்டி இரண்டே ஆண்டில் மாணவர் தொகையை இரட்டிப்பாக்கிற்று! ஆனால் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து அச்செலவைச் செய்யக்கூடாது என்று ஆங்கில அரசு தடுத்ததால், 1925 ஏப்ரல் முதல் நாளோடு அது நின்றது.

அதே 1925-ல் தமிழகத்தை உலுக்கிய மற்றொரு செய்தியும் பிள்ளைகளின் சாப்பாட்டைப் பற்றியதே. வ.வே.சு. அய்யர் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலத்தில், பொதுமக்கள் பணத்தில் நடந்த அந்த நிறுவனத்தில், பார்ப்பனச் சிறுவர் இருவர்க்குத் தனியிடத்தில் உணவு. நம் பழைய தென்னார்க்காட்டு மாவட்டத்து ஓமந்தூர் இராமசாமியாரின் மகன் அங்கே படித்தார் என்றும், வேறுபாட்டைத் தந்தையிடம் சொன்னார் என்றும் வரலாற்றாசிரியர்கள் எழுதுவர். பெரியாரும் வரதராசுலு நாயுடுவும் எதிர்த்தனர். 'இரண்டு பிள்ளைகள் தனியே உண்டால் நாடு கெட்டுவிடுமா?' என்று அன்றும் சிலர் கேட்டார்கள். நாடு கெட்டுத்தான் இருந்தது. அந்த இரண்டு இலைகள் அதைக் காட்டிக்கொடுத்தன, அவ்வளவே!

ஓரிடத்தில் பசித்த பிள்ளைக்கு உணவு இல்லை என்றார்கள். மற்றோரிடத்தில் உணவு உண்டு, சமத்துவம் இல்லை என்றார்கள். சோறும் வேண்டும், சேர்ந்து உண்ணவும் வேண்டும் என்ற இரட்டைக் கோரிக்கை அந்த ஆண்டிலேயே நம் முன் வந்துவிட்டது. முதற் கோரிக்கையில் நாம் வெகுதூரம் வந்திருக்கிறோம். இரண்டாவதில்?

சோறு வந்த வழி

1956-ல் காமராசர் ஆட்சியில் பகலுணவுத் திட்டம் மாநிலத் திட்டமாயிற்று. மாடு மேய்த்த சிறுவனிடம் முதலமைச்சர் காரை நிறுத்திப் பேசினார். 'சோறு போட்டால் படிக்க வருகிறேன்' என்றான் சிறுவன் என்ற கதை பல மேடைகளில் சொல்லப்படுகிறது. இனிய கதை. ஆனால் அந்தக் கதையோடு நின்றுவிட்டால், ஒரு தலைவரின் ஒரு நொடி இரக்கம்தான் திட்டம் என்றாகிவிடும். உண்மை அதைவிடப் பெரியது. கல்வித்துறை இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலு ஊர் ஊராகச் சென்றார்; ஊரார் அரிசியும் பருப்பும் விறகும் கொடுத்தார்கள்; ஆசிரியர்கள் பரிமாறினார்கள். தொடக்கத்தில் ஓர் உணவுக்குப் பத்துக் காசு. ஆறு காசு அரசு, நான்கு காசு ஊரார். நான்கு காசைக் கொடுத்த பெயரற்றவர்களின் கதை அது.

1982 சூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் ஊர்ப்புறங்களில் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் நகரங்களுக்கு வந்தது. 1984-ல் பத்தாம் வகுப்பு வரை உயர்ந்தது. 1989-ல் கலைஞர் ஆட்சியில் இரு வாரத்துக்கு ஒரு முட்டை. 2010-ல் அது வாரத்துக்கு ஐந்து முட்டையாயிற்று. 2013-ல் செயலலிதா ஆட்சியில் கலவைச் சோறு வகைகள் அறிமுகமாயின. 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம், நாடெங்கும் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு தரவேண்டும் என்று ஆணையிட்டது. 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் காலை உணவுத் திட்டம் 1,545 பள்ளிகளோடு தொடங்கி, மறு ஆண்டு ஆகஸ்டில் மாநிலம் முழுதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. கட்சிகள் மாறின, கொடிகள் மாறின, அடுப்பு அணையவில்லை. இது தமிழ்நாட்டின் பெருமை. பெருமையைப் பெருமை என்று சொல்ல நமக்குத் தயக்கமில்லை.

'சோற்றுக்காகப் பள்ளிக்கு வருகிறார்கள்' என்று இழித்துப் பேசிய வாய்கள் ஒவ்வொரு காலத்திலும் இருந்தன. அவர்களுக்கு விடை எளிது. ஆம், சோற்றுக்காகத்தான் வந்தார்கள்; வந்தவர்கள் எழுத்தையும் எடுத்துக்கொண்டு போனார்கள். சோற்றுக்காகச் சம்பளம் வாங்குவோர், சோற்றுக்காக வாணிகம் செய்வோர், சோற்றுக்காகப் பூசை செய்வோர் நிறைந்த நாட்டில், சோற்றுக்காகப் படிக்க வந்த ஏழு வயதுப் பிள்ளைதானா குற்றவாளி?

களிக்கு அடியில் இருந்தது

இனி என் டப்பாவுக்குத் திரும்புகிறேன். இதை எழுதக் கை தயங்குகிறது. எழுதாமல் விட்டால் இக்கட்டுரை பொய்யாகும்.

எங்கள் வீடு கூலி வேலை செய்யும் வீடு. தாழ்வாரத்தில் சுடச்சுடச் சோறும் சாம்பாரும் காசில்லாமல் கிடைக்கும்போது, கரும்பு வெட்டப் போகும் என் தாயார் ஏன் விடியுமுன் எழுந்து களி கிண்டி டப்பாவில் அடைத்தார்? அன்பு என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். அன்பும் இருந்தது, அதை மறுக்கமாட்டேன். ஆனால் களிக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. சத்துணவுக் கூடத்தில் சமைத்த ஆயா சேரிப் பெண். அதுதான் காரணம். வெயிலில் கரும்பு வெட்டித் தேய்ந்த கை, தன்னைப் போலவே தேய்ந்த இன்னொரு கை ஆக்கிய சோற்றைத் தன் பிள்ளைக்கு மறுத்தது.

1989-ல் நான் ஐந்தாம் வகுப்புக்கு வந்தேன். முட்டை வந்தது. மரத்தடிக் கூட்டத்துக்கு எச்சில் ஊறியது. வீட்டில் கேட்டேன். அம்மா கொஞ்ச நேரம் எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "முட்டைய மட்டும் வாங்கிக்கடா. தோலு உரிச்சிட்டா ஒண்ணுமில்ல."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் அந்தச் சொல்லில் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. தீட்டு என்பது எந்த விதிக்கும் கட்டுப்படாத பொய் என்பதை என் தாயாரே ஒப்புக்கொண்டுவிட்டார். ஆசை வந்தால் ஓடு உடைகிறது, தீட்டும் உடைகிறது. முட்டை நாளில் மரத்தடி வெறிச்சோடியது, தாழ்வாரம் நிறைந்தது. மறுநாள் மீண்டும் இரண்டு வரிசை. சாதிக்குப் பதினைந்து நாளுக்கொரு முறை விடுமுறை!

இது பழங்கதை என்று எண்ணிவிடாதீர். 2018-ல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி வட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில், அருந்ததியப் பெண் ஒருவர் பள்ளிச் சமையலராக வந்தார் என்பதற்காக ஊரார் சிலர் எதிர்த்துத் தடுத்தனர், வழக்காயிற்று. 2023-ல் கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரிலும், தூத்துக்குடி மாவட்டம் எட்டயபுரம் அருகே உசிலம்பட்டியிலும் காலை உணவை ஆக்கியவர் பட்டியலினப் பெண் என்பதால் பிள்ளைகள் சிலர் உண்ணாமல் தடுக்கப்பட்டனர். கரூரில் மாவட்ட ஆட்சியரே பள்ளிக்குச் சென்றார். உசிலம்பட்டியில் நாடாளுமன்ற உறுப்பினரும் அமைச்சரும் பிள்ளைகளோடு அமர்ந்து உண்டனர். 2004-லேயே உச்ச நீதிமன்றம் சமையலர் நியமனத்தில் ஒடுக்கப்பட்டோருக்கு முன்னுரிமை தரச் சொல்லியிருந்தது. சட்டம் அடுப்படிக்குள் நுழைந்துவிட்டது. சில பிள்ளைகளின் வாய்க்குள் நுழைய முடியவில்லை. ஏனெனில் அந்த வாயை வீட்டிலேயே பூட்டி அனுப்புகிறார்கள். பூட்டு எது? அழகான, பளபளக்கும், அன்பு நிறைந்த சோற்று டப்பா!

டப்பா கொண்டுவரும் பிள்ளையெல்லாம் சாதி கொண்டுவருகிறான் என்று சொல்லவில்லை. நோய்க்காக, சுவைக்காக, பழக்கத்துக்காகக் கொண்டுவருவோர் பலர். ஆனால் பாமா கண்ட நூல் அறுந்துவிட்டது என்று நாம் மகிழ்ந்திருந்த வேளையில், அது டப்பாவின் மூடியாக உருமாறி வந்திருக்கக்கூடும் என்பதை மறக்கலாகாது.

அடுப்படியும் ஏடுகளும்

டப்பாவைப் பற்றி இன்று மிகுதியாக எழுதுவோர் கதையாசிரியர் அல்லர். பெண்களுக்கென்று வரும் ஏடுகள். முப்பது வகைக் கலவைச் சோறு, பிள்ளை மிச்சம் வைக்காத பலகாரம் என்று இணைப்பு நூல்கள் வருகின்றன. அவற்றைப் புரட்டிப் பாருங்கள். பக்கத்துக்குப் பக்கம் தாய் இருக்கிறாள், தந்தை எங்கே? பிள்ளை டப்பாவை மிச்சம் வைத்துவிட்டால் குற்றவாளி யார்? தாய். விடியற்காலை எழுந்து மூவகை உணவை மூவர்க்கு அடைத்துவிட்டு, தானும் வேலைக்கு ஓடும் பெண்ணுக்கு, இன்னும் அழகாக அடை, இன்னும் புதிதாகச் சமை என்று கட்டளையிடுகின்றன அந்த ஏடுகள். இது சமையற்குறிப்பன்று; பெண்ணடிமைக் குறிப்பு.

பள்ளியிலே பொது அடுப்பு எரிந்தபோது, வீட்டிலே பல இலட்சம் தனி அடுப்புகளின் சுமை குறைந்தது என்ற உண்மையையும் நாம் போதிய அளவு பேசவில்லை. பிள்ளைக்குப் பகலில் சோறு உண்டு என்ற நம்பிக்கையில் தாய் களத்துக்குப் போனாள். அந்தப் பொது அடுப்பை எரிப்பவர்களும் பெண்களே. காலை உணவை ஆக்குபவர் பலர், அதே பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் தாய்மார். சத்துணவு அமைப்பாளரும் சமையலரும் உதவியாளரும் முழுமையான காலமுறை ஊதியம் கேட்டுப் பல்லாண்டுகளாகப் போராடுகிறார்கள். திட்டத்தைப் பாராட்டும் நாம், திட்டத்தைக் கையால் நடத்துபவர்க்கு உரிய கூலி வேண்டும் என்று சொல்லாவிட்டால், நம் பாராட்டும் வள்ளல் புராணமாகவே முடியும்.

செய்ய வேண்டியது

சப்பான் நாட்டுப் பள்ளிகளில் பகலுணவும் ஒரு பாடம். பிள்ளைகளே வெள்ளைத் தொப்பி அணிந்து முறைவைத்துப் பரிமாறுவர். ஆசிரியரும் அவர்களோடு அதே உணவை உண்பார். 1954-லேயே அங்கு பள்ளி உணவுக்கெனச் சட்டம் வந்தது. சீக்கியர் தம் குருத்துவாரங்களில் ஒரே வரிசையில் தரையில் அமர்ந்து உண்பதை நாம் அறிவோம். நாம் செய்வதற்கு அரிய ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை.

இளைஞர்களே! உங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளிக்கு, தலைமையாசிரியரின் இசைவு பெற்று, ஒரு நாள் மதிய மணிக்குப் போங்கள். மேடை வேண்டாம், மாலை வேண்டாம். தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் உட்காருங்கள். டப்பா கொண்டுவந்த பிள்ளையையும் அதே வரிசையில் உட்காரச் சொல்லுங்கள். டப்பாவை நடுவில் வைத்துப் பங்கிட்டு உண்ணுங்கள். சாமைச் சோறு வந்தால் முதலில் கை நீட்டுங்கள். உணவு நன்றாக இருந்தால் சமைத்தவரிடம் சொல்லுங்கள். நன்றாக இல்லையெனில் யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் சொல்லுங்கள். ஆசிரியராய் இருப்பவர்களே! உங்கள் டப்பாவையும் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். பிள்ளைகள் சொற்களைவிட ஆசிரியரின் தட்டை நன்றாகப் படிப்பார்கள்.

எழுத்தாளர்களே! வள்ளலைப் பாடியது போதும். பத்துக் காசில் நான்கு காசு கொடுத்தவனைப் பற்றி எழுதுங்கள். மூடியைத் தூக்கிப் பிடித்த இடக்கையைப் பற்றி எழுதுங்கள். முட்டையின் ஓட்டைப் பற்றி எழுதுங்கள். ஊரார் தடுத்தபோதும் அடுப்பைப் பற்றவைத்த அந்தப் பெண்ணைப் பற்றி எழுதுங்கள்.

என் தாயாருக்கு இப்போது முதுமை. காலை உணவுத் திட்டம் வந்த பிறகு, பெயர்த்தியைப் பள்ளியில் விட ஒரு நாள் போனார். பொங்கலும் சாம்பாரும் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். பரிமாறிய பெண், "அம்மா, நீங்களும் கொஞ்சம் சாப்பிட்டுப் பாருங்க" என்று கையில் ஒரு கரண்டி வைத்தாராம். "என்ன செஞ்சீங்க?" என்று கேட்டேன். "சாப்பிட்டேன். உப்பு கொஞ்சம் கம்மி" என்றார். அந்தப் பெண் யார், எந்தத் தெரு என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆபுத்திரன் மணிபல்லவத்தில் தனித்து நின்றபோது, பிறர்க்குப் பயன்படாத பாத்திரம் தனக்கு மட்டும் எதற்கு என்று அதைக் கோமுகியில் விட்டுவிட்டான் என்பது காப்பியம். நம் கோமுகிக் கரையில் விடவேண்டியது பாத்திரத்தை அன்று. சமைத்த கை எவருடையது என்ற கேள்வியை விடவேண்டும். அது மீண்டும் எழக்கூடாது, எந்த வைகாசியிலும்!